கொடி பிடித்த பெண்

எங்கள் வட்டாரத்து நகராட்சி நீச்சல் குளத்தில் மணிக்கு ஒருமுறை விசில் ஊதுவார்கள். ஊதியவுடன் அத்தனை பேரும் கரையேறிவிட வேண்டும். பாதித் தடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கும் விலக்கு கிடையாது. பத்து நிமிடம் குளம் காலியாகக் கிடக்கும். காவலர்கள் அடித்தளத்தைப் பார்த்தபடி ஒரு சுற்று நடந்து வருவார்கள். ஒசாகாவுக்கு வேலைக்கு வந்த புதிதில் இந்தப் பத்து நிமிடம் எனக்குப் பெரிய எரிச்சல். காசு வாங்கிக்கொண்டு உட்கார வைக்கிறார்களே என்று முணுமுணுப்பேன். இப்போது யோசித்தால், ஜப்பானைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பாதி அந்தக் கரையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்து கேட்டதுதான்.

கேட்டதும் பெரும்பாலும் ஒரே ஒருவரிடம். எழுபத்தைந்தைத் தாண்டியவர். வெளிர்நீலத் தொப்பி, முழங்கால் வரை நீண்ட நீச்சலுடை, கரையேறியதும் முதல் வேலையாகத் தொப்பியைக் கழற்றித் தலையை உலுக்கிக்கொள்ளும் பழக்கம். இந்த ஊரில் வயதானவரை முகத்துக்கு நேரே பாட்டி என்று கூப்பிட்டால் நன்றாக இருக்காது. குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுவேன். அந்தப் பெயரை இங்கே எழுத அவர் அனுமதி தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகவே தமிழில் பாட்டியாகவே இருக்கட்டும்.

2023 ஜூலையில் ஃபுகுவோகாவில் உலக நீச்சல் போட்டி நடந்தது. குளத்து வரவேற்பறைத் தொலைக்காட்சியில் யூகிகோ இனுய் என்ற பெண்ணின் தனிநபர் ஆட்டத்தைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தைய ஆண்டு புடாபெஸ்டில் தனிநபர் பிரிவின் இரண்டு தங்கங்களையும் வென்றவர், இந்த முறை சொந்த மண்ணில் அதே இரண்டையும் மறுபடி வென்றிருந்தார். உடம்பு பாம்பாக நெளிந்து தண்ணீருக்குள் போவதையும், கால்கள் மட்டும் மேலே வந்து இறுகி நிற்பதையும் பார்த்து நான் வாய் பிளந்து நின்றேன். பாட்டி அசரவில்லை.

"கெட்டிக்காரிதான். ஆனால் ஷின்குரோ என்றால் எனக்குக் கொதானி மிகாகோதான். அந்தக் கொடி பிடித்த பெண்."

இசைக்கேற்பத் தண்ணீரில் ஆடும் விளையாட்டு இது. ஒத்திசைவு நீச்சல், கலை நீச்சல் என்றெல்லாம் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதுவதை, 'சிங்க்ரனைஸ்ட் ஸ்விம்மிங்' என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஜப்பானியர்கள் ஷின்குரோ என்கிறார்கள். 2017இல் உலக அமைப்பு விளையாட்டின் பெயரையே 'ஆர்ட்டிஸ்டிக் ஸ்விம்மிங்' என்று மாற்றியது. ஜப்பானும் மறு ஆண்டில் மாற்றிக்கொண்டது. பாட்டி மாற்றிக்கொள்ளவில்லை.

"என்ன பதக்கம் வாங்கினார்?" என்று கேட்டேன். பாட்டி சற்று யோசித்தார். "வெண்கலம்... வெள்ளியா? அது தெரியவில்லை. கொடி நன்றாக ஞாபகம் இருக்கிறது."

நான்கு உலகத் தங்கம் வாங்கியவர் திரையில் இருக்கும்போது, பதக்கத்தின் நிறம்கூட நினைவில் இல்லாத ஒருவர் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒரு மனதில் அசையாமல் நிற்கிறார். அன்றிரவு வீட்டுக்கு வந்து மிகாகோ கொதானியைத் தேட ஆரம்பித்தேன். அதன் பிறகு பல சனிக்கிழமைகள் அதிலேயே போயின.

கொதானி 1966 ஆகஸ்டில் டோக்கியோவில் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் கலிபோர்னியாவுக்குப் போய் அங்கே படித்துக்கொண்டே பயிற்சி எடுத்தார். அந்தக் காலத்தில் இந்த விளையாட்டின் தலைநகரம் அமெரிக்காதான். திரும்பி வந்து டோக்கியோவில் மசாகோ கனேகோ என்ற பயிற்சியாளரிடம் வளர்ந்தார். 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் இந்த விளையாட்டு முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது, ஜப்பானுக்காக நீந்தித் தனிநபரிலும் ஜோடியிலும் வெண்கலம் கொண்டுவந்தவர் மிவாகோ மோதோயோஷி. அடுத்த ஒலிம்பிக்கில் அந்த இடம் கொதானிக்கு.

1988 செப்டம்பர் 17, சியோல். தொடக்க விழாவில் ஜப்பானிய அணியின் முன்னே கொடியோடு நடந்து வந்தவர் கொதானி. கோடைக்கால ஒலிம்பிக்கில் ஜப்பானின் கொடியை ஒரு பெண் ஏந்தியது அதுவே முதல்முறை. அதுவரை கொடி என்றால் தோள் அகன்ற ஆண்களின் வேலை. இருபத்திரண்டு வயதுப் பெண், போட்டியில் ஒரு நொடிகூட இன்னும் நீந்தாத நிலையில், நாடு முழுவதும் பார்த்த முகமாகிவிட்டார். பாட்டிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தாராம். "மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம்" என்றார்.

அந்த ஒலிம்பிக்கில் ஜப்பான் தடுமாறியது. நான்கே தங்கம், மொத்தம் பதினான்கு பதக்கம். அந்தப் பதினான்கில் இரண்டு கொதானியுடையவை. தனிநபரில் கனடாவின் கரோலின் வால்டோவுக்கும் அமெரிக்காவின் டிரேசி ரூயிஸுக்கும் அடுத்து வெண்கலம். ஜோடியில் மியாகோ தனாகாவுடன் இன்னொரு வெண்கலம். இரண்டுமே போட்டியின் கடைசி நாட்களில் வந்தவை. கொடியில் தொடங்கிய கதை பதக்கத்தில் முடிந்தது. தொலைக்காட்சிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஊர் திரும்பியதும் பேட்டி, விளம்பரம், பத்திரிகைப் படம் என்று அவர் முகம் எங்கும் இருந்தது. பணம் புரண்ட காலம் வேறு.

இந்தப் புகழை அழகுக்குக் கிடைத்த கூலி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவர் நீந்திய பழைய காணொளிகளைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். தனிநபர் ஆட்டத்தில் நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரே ஒருவர், ஒரே ஒரு முகம். ஓட்டப்பந்தயக்காரர் பத்து நொடியில் போய்விடுகிறார். நீச்சல் வீரரின் முகம் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. மாரத்தான்காரரின் முகத்தை யாரும் பார்க்க விரும்புவதில்லை. இங்கே முகமும் போட்டியின் ஒரு பகுதி. மேடைக்குப் பழகிய கேமராவுக்கு இதைவிட வசதியான விளையாட்டு இல்லை.

ஆனால் அந்த முகத்துக்குக் கீழே நடப்பது வேறு கதை. அதை ஒரு தடவை பக்கத்திலிருந்து பார்த்தேன்.

என்னோடு வேலை செய்பவரின் மகள் ஒரு கிளப்பில் ஷின்குரோ பழகுகிறாள். பத்து வயது. உள்ளூர்ப் போட்டி ஒன்றுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். குளத்துக்கு வெளியே நடைபாதையில் தாய்மார்கள் வரிசையாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கிண்ணம், ஒரு ஃபிளாஸ்க், ஒரு பிரஷ். கிண்ணத்தில் சமையலுக்கு வாங்கும் ஜெலட்டின் பொடியைக் கொட்டி, ஃபிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கினார்கள். குழைந்து தேன் பதம் வந்ததும் பிரஷில் தொட்டு, கொண்டை போட்டு இறுக்கிய பிள்ளையின் தலையில் சூடாகவே பூசினார்கள். ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. கால் மணி நேரத்தில் தலை வார்னிஷ் அடித்த மரம்போல மின்னியது. தட்டிப் பார்க்கச் சொன்னாள் அந்தப் பெண். தட்டினேன். டக் டக் என்றது. குளத்தின் குளிர்ந்த நீரில் அது கரையாது. வீட்டுக்குப் போய்ச் சுடுநீரில் நின்றால்தான் மெல்ல இளகி வழியும். வாசனை எனக்கு உடனே பிடிபட்டது. ஆட்டுக்கால் பாயா ஆறிப்போனால் மேலே உறைந்து நிற்குமே, அதே பொருள், அதே வாடை. அந்தத் தலையோடுதான் பிள்ளைகள் மூக்குக்குக் கிளிப் மாட்டிக்கொண்டு சிரித்தபடி வரிசையாக நடந்து போனார்கள்.

மூக்குக் கிளிப்பைக் கேலி செய்யாத நாடு இல்லை. தலைகீழாக நிற்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று ஒரு முறை கவிழ்ந்து பார்த்தால் கேலி நின்றுவிடும். குளத்தின் அடித்தளத்தைக் காலால் தொடக் கூடாது என்பது இந்த விளையாட்டின் அடிப்படை விதி. மேலே கை விரித்து ராணிபோல நிற்பவர் எதன்மீதும் நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் தொடையை விரித்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு காலையும் எதிரெதிர்த் திசையில் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தயிர் கடைவதுபோல. ஜப்பானியர்கள் இதை 'மகியாஷி' என்கிறார்கள், சுற்றுக்கால் என்று சொல்லலாம். தலைகீழாக இருக்கும்போது கைகளின் முறை. உள்ளங்கைகளால் தண்ணீரைத் துழாவித் துழாவி உடம்பை மேலே தூக்கி வைக்க வேண்டும். இவ்வளவும் மூச்சு இல்லாமல். இசை தண்ணீருக்குள் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. மேலே வந்ததும் நுரையீரல் கதறும், முகம் சிரிக்க வேண்டும்.

நான் முயன்று பார்த்தேன். இரண்டு கையையும் வெளியே எடுத்த மூன்றாவது நொடி வாய்வரை மூழ்கினேன். கரையில் இருந்த பாட்டி சிரித்தார். எதற்காகச் சிரித்தார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

கொதானியின் கதையில் எனக்கு மறக்க முடியாத பகுதி பார்சிலோனா. 1992. சியோலின் நட்சத்திரம் மறுபடி ஒலிம்பிக் அணியில் இருந்தார். மூன்று பெண்கள், நீந்தும் இடங்களோ அதைவிடக் குறைவு. தனிநபருக்குக் கியோட்டோவின் ஃபுமிகோ ஒகுனோ. ஜோடிக்கு ஒகுனோவும் அகி தகாயாமாவும். ஜப்பானின் மிகப் பிரபலமான ஷின்குரோ வீராங்கனை அந்த ஒலிம்பிக்கில் போட்டிக் குளத்தில் இறங்கவே இல்லை. சியோலில் ஒரு துளி நனையும் முன்பே புகழ் வந்தது. பார்சிலோனாவில் அவ்வளவு புகழையும் வைத்துக்கொண்டு நனைய வழியில்லை. ஒகுனோ இரண்டு வெண்கலத்தையும் வாங்கினார். தேர்வு சரிதான் என்று பதக்கமே சொல்லிவிட்டது. கரையில் நின்றவருக்கு அது ஆறுதலா, இன்னும் வலியா?

(அந்தத் தனிநபர் போட்டிக்கே ஒரு சாபம் உண்டு. பிரேசில் நடுவர் ஒருவர் கனடாவின் சில்வி ஃபிரெஷெட்டுக்கு 9.7 போட நினைத்து 8.7 என்று அழுத்திவிட்டார். தங்கம் அமெரிக்காவுக்குப் போனது. மறு ஆண்டுதான் ஃபிரெஷெட்டுக்கும் ஒரு தங்கம் கொடுத்தார்கள். ஒரு விரல் செய்த வேலை.)

அந்த ஆண்டே கொதானி ஓய்வு பெற்றார். பஹாமாஸ் கடலுக்குப் போய் டால்பின்களோடு நீந்தியது தன்னை மீட்டது என்று பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். முதலில் எனக்கு இது பேட்டிகளுக்கான அலங்காரக் கதையாகப் பட்டது. பிறகு தோன்றியது: மதிப்பெண் போட ஆள் இல்லாத தண்ணீர் அவருக்கு அதற்கு முன் எப்போது கிடைத்திருக்கும்?

பார்சிலோனாவோடு இன்னொன்றும் முடிந்தது. தனிநபர் பிரிவையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். தனியாக நீந்துகிறவர் யாரோடு ஒத்திசைகிறார் என்ற கேலி நெடுநாளாக இருந்தது. இசையோடு என்பதுதான் பதில், ஆனால் கேலிக்குப் பதில் சொல்லி யாரும் ஜெயித்ததில்லை. 1996 அட்லாண்டாவில் குழுப் போட்டி மட்டும். அதில் ஜப்பானுக்கு வெண்கலம். 2000இலிருந்து ஜோடியும் குழுவும். அதாவது கொதானியை உண்டாக்கிய அச்சு அப்போதே உடைந்துவிட்டது. ஒரே முகத்தை நாடு முழுவதும் நாலு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு ஒலிம்பிக் மேடையில் இனி இல்லை. இனுய்யின் நான்கு தங்கத்தைப் பாட்டி பொருட்படுத்தாததற்கு அவர் மட்டும் பொறுப்பில்லை. அந்த ஆட்டத்துக்கு ஒலிம்பிக்கில் இடமே கிடையாது. இனுய்யிடம் இருக்கும் ஒலிம்பிக் பதக்கங்கள் 2016 ரியோவில் ஜோடியாகவும் குழுவாகவும் வாங்கிய வெண்கலங்கள்.

கொதானிக்குப் பிறகு வந்தவர்களில் எனக்குத் தனியாகப் பிடித்தவர் ஒகுனோதான். 1994இல் ரோம் உலகப் போட்டியில் அவர் ஆடிய ஆட்டத்தின் பெயர் 'யாஷாவின் நடனம்'. பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ஊர் யட்சிதான். யக்ஷன், யக்ஷி என்ற வடசொல் பௌத்தத்தோடு சீனம் வழியாக ஜப்பானுக்குப் போய் யாஷாவாகியிருக்கிறது. அங்கேயும் அது அச்சுறுத்தும் உருவம்தான். ஒகுனோ அந்த ஆட்டத்தில் சிரிக்கவே இல்லை. சிரிப்பை ஜெலட்டின்போல முகத்தில் பூசிக்கொள்ள வேண்டிய விளையாட்டில், கறுவிக்கொண்டு வரும் பெண்ணாகத் தண்ணீரிலிருந்து எழுந்தார். கலைத்திறனுக்கு எல்லா நடுவர்களும் பத்துக்குப் பத்து போட்டார்கள். இருந்தும் மொத்தத்தில் வெள்ளிதான். எனக்கென்னவோ இந்த விளையாட்டில் ஜப்பான் செய்த துணிச்சலான காரியம் அதுதான் என்று படுகிறது.

அதன் பின்னே இருந்தவர் ஒசாகாவின் மசாயோ இமுரா. முன்னாள் பள்ளி ஆசிரியை. 'ஷின்குரோவின் தாய்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன, ஆனால் அவர் குரலைக் கேட்டால் தாய் நினைவுக்கு வராது, கணக்கு வாத்தியார்தான் வருவார். மியா தாச்சிபானா, மிஹோ தகேடா ஜோடி 2001இல் ஃபுகுவோகாவில் பொம்மைகள்போல அசைந்து ஜப்பானின் முதல் உலகத் தங்கத்தை வாங்கியது அவர் கையில்தான். இருவருக்கும் ஆளுக்கு ஐந்து ஒலிம்பிக் பதக்கம். சிட்னியிலும் ஏதென்ஸிலும் ரஷ்யாவுக்கு அடுத்து நான்கு வெள்ளி. பிறகு இமுரா சீனாவுக்குப் பயிற்சியளிக்கப் போனார். துரோகி என்றுகூடச் சிலர் பேசினார்கள். 2008 பெய்ஜிங்கில் குழுப் போட்டியில் சீனா வெண்கலம் வாங்கியது, ஜப்பான் ஐந்தாவது. 2014இல் அவரையே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ரியோவின் வெண்கலங்களும் இனுய்யின் உலகத் தங்கங்களும் அதன் பலன்.

கணக்குப் பார்த்தால் 1984 முதல் ரியோ வரை இந்த விளையாட்டில் ஜப்பான் வாங்கியவை நான்கு வெள்ளி, பத்து வெண்கலம். தங்கம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சாய்தாமாவில் ஓர் ஆண்கள் பள்ளியின் நீச்சல் குழு, ஆண்டு விழாவுக்காக ஷின்குரோ ஆடி, அது படமும் தொடருமாகி, பள்ளிக்குப் பள்ளி பையன்கள் குளத்தில் குதித்த காலமும் ஜப்பானில் உண்டு. தங்கத்தை மட்டுமே எண்ணும் மனங்கள் இங்கேயும் இருக்கின்றன, ஆனால் ஷின்குரோ அவர்களை நம்பிப் பிழைக்கவில்லை.

கொதானி தன் முகத்துக்குக் கிடைத்த அறிமுகத்தை வீணாக்கவில்லை. விளையாட்டுச் செய்திகளை வழங்கினார். 1997இல் நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கையொட்டிய போர்நிறுத்தத் தீர்மானத்துக்காக ஐ.நா. பொதுச்சபையில் பேசினார். டோக்கியோ 2020 அமைப்புக் குழுவின் விளையாட்டு இயக்குநரானார். பெண்களைப் பற்றி உளறி அந்தக் குழுவின் தலைவர் 2021இல் பதவி விலக நேர்ந்தபோது, பாலினச் சமத்துவத்துக்கென அமைத்த அணிக்குத் தலைமை ஏற்றதும் இவர்தான். மறுபடியும் கொடி பிடிக்கும் வேலை என்று சொன்னால் குறும்பாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான் எனக்குப் பட்டது. சங்கடமான நேரத்தில் முன்னால் நடக்க ஒரு பழகிய முகம் வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் பிறகு 2023 ஆகஸ்டில், இனுய் தங்கம் வாங்கிச் சில வாரங்களே ஆன நிலையில், உலக மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டி ஃபுகுவோகா இருக்கும் அதே கியூஷு தீவில் நடந்தது. ஷின்குரோ பிரிவு ககோஷிமாவில். கொதானி ஐம்பத்தாறு வயதில் மூக்குக் கிளிப்போடு குளத்தில் இறங்கித் தங்கம் வென்றார். வயது வாரியாக நடக்கும் போட்டி, ஒலிம்பிக்கோடு ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் 1992இல் இறங்காமல் வந்தவர் முப்பத்தொரு ஆண்டு கழித்து இறங்கியிருக்கிறார். படத்தில் தலை மின்னியது. ஐம்பத்தாறு வயதிலும் பாயா வாடையோடுதான் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்திருந்து அடுத்த சனிக்கிழமை பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "முகம் மாறவே இல்லை" என்றார். பிறகு, "நீங்கள் அன்று முயன்றீர்களே, கையைத் தூக்கிக்கொண்டு. முழங்கால் உள்ளே போகிறது. அதனால்தான் மூழ்கினீர்கள்" என்றார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பாட்டி சாகாய் நகரத்துக்காரர். சின்னப் பெண்ணாக ஹமாதெராவில் நீச்சல் பழகியிருக்கிறார். 1906இல் ஒரு செய்தித்தாள் நிறுவனம் பைன் மரக் கடற்கரையில் தொடங்கிய பள்ளி அது. சாமுராய் காலத்து நீச்சல் முறைகளைச் சொல்லிக்கொடுத்த இடம். கவசத்தோடு ஆற்றைக் கடக்கவும், நீரில் நின்றபடி ஆயுதம் பிடிக்கவும் உண்டான முறைகள். அதில் தேர்ந்தவர்கள் தண்ணீரில் நின்றுகொண்டே இரண்டு கையையும் வெளியே எடுத்துத் தூரிகையால் தாளில் எழுத்து எழுதிக் காட்டுவார்கள். அந்தப் பள்ளியில் கூட்டமாக இசைந்து நீந்திய ஆட்டங்களும் ஜப்பானிய ஷின்குரோவுக்கு ஒரு வேர். இமுராவும் அங்கிருந்து வந்தவர்தான். கடற்கரையைத் தொழிற்சாலைகளுக்காகத் தூர்த்துவிட்டார்கள். பள்ளி பூங்காவுக்குள் இருக்கும் குளத்துக்கு மாறிவிட்டது.

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"நீங்கள் கொடியைப் பற்றித்தானே கேட்டீர்கள்."

விசில் ஊதியது. பத்து நிமிடம் முடிந்துவிட்டது. பாட்டி தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு, படியில் பிடித்துப் பிடித்து, ஒரு காலை வைத்து மறு காலை வைத்து, ஆழமான பக்கத்தில் இறங்கினார். நாலு எட்டு நீந்தி நடுவில் நின்றார். நின்றார் என்றால் மிதந்தார். இரண்டு கையையும் தண்ணீருக்கு மேலே எடுத்து, வலக்கை ஆட்காட்டி விரலால் இடது உள்ளங்கையில் எதையோ எழுதிக்கொண்டே என்னிடம் பேசினார். அடுத்த வாரம் பேரன் வருகிறானாம், தக்காளி விலை ஏறிவிட்டதாம். தோள்பட்டை நனையவில்லை.